ஆறு தூர்த்ததும் கடல் கொண்டதும்: தீகாவுக்கு ஒரு நாள் பயணம்

வங்கத்தில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்குக் கொல்கத்தா நகரம் நன்கு பழகிய இடம். அலுவலகம் செல்லும் வழியும், லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் கிடைக்கும் மூலையும், ஹௌரா நிலையத்தின் நடைமேடைகளும் நமக்கு மனப்பாடம். ஆயினும் நகருக்கு வெளியே பரந்து கிடக்கும் நாட்டுப்புறத்தை நம்மில் பலர் சென்னை செல்லும் ரயிலின் சாளரத்தின் வழியாகவே பார்த்திருக்கிறோம். ஒரே ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் இக்குறையை ஓரளவு போக்கிக்கொள்ளலாம். வைகறையில் காரிலோ பேருந்திலோ புறப்பட்டு, ஏறத்தாழ 185 கிலோமீட்டர் தென்மேற்காகச் சென்று, தீகா என்னும் கடற்கரை ஊரைக் கண்டு, இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இப்பயணத்தைக் கடல் நீராடலுக்கும் மீன் உணவுக்கும் என்று மேற்கொள்வோரே பெரும்பாலோர். அதில் தவறில்லை. எனினும், கண் திறந்து செல்வோர்க்கு இச்சாலை மற்றொரு செய்தியையும் சொல்லும். ஆறும் கடலும் நிலத்தை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு அழிக்கின்றன, அந்த ஆக்கத்துக்கும் அழிவுக்கும் நடுவே மக்கள் எவ்வாறு ஊர் அமைத்து வாழ்கின்றனர் என்பதே அச்செய்தி. பூம்புகாரைக் கடல் கொண்ட வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கக்கூடியதே.

ஹூக்ளி நதியின் மேல் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தைக் கடந்து, ஹௌரா மாவட்டத்தின் நெரிசலை விட்டு வெளியேறியதும், 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அடைகிறோம். இந்த நெடுஞ்சாலை ஒரிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து சென்னையில் சென்று முடிவது. ஆகவே பயணத்தின் முதற் பகுதியில் நாம் செல்வது நம் ஊர்ச் சாலையிலேதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இருமருங்கும் நிலம் பலகை போல் சமமாக இருக்கிறது. குன்று இல்லை, பாறை இல்லை, ஒரு கல்லைக்கூடக் காண்பது அரிது. இந்நிலம் முழுவதும் ஆறுகள் கொணர்ந்து கொட்டிய வண்டலால் ஆனது. வீடு கட்ட மேடு வேண்டுமாயின் பக்கத்தில் மண்ணைத் தோண்டியே உயர்த்த வேண்டும். தோண்டிய பள்ளம் குளமாகிவிடும். வீட்டுக்கு ஒரு குளம், குளத்தில் மீன், கரையில் வாழையும் தென்னையும் என்னும் வங்கத்துக் காட்சிக்குக் காரணம் இதுவே. குளத்தை அழகுக்காக வெட்டியதில்லை; வெள்ளத்துக்கு மேலே தலை தூக்கி நிற்பதற்கான மண்ணைப் பெறவே வெட்டியிருக்கின்றனர்.

பாக்னானை நெருங்கும்போது தாமோதர் நதி குறுக்கிடுகிறது. ஒரு காலத்தில் வெள்ளத்தால் வங்கத்தின் துயரம் எனப் பெயர் பெற்ற ஆறு இது. இதனை அடக்குவதற்காகவே 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைக்கப்பட்டது. பாக்னானைச் சுற்றியுள்ள வயல்களில் பூச்சாகுபடி மிகுதி. சாமந்தியும் சம்பங்கியும் கட்டுக்கட்டாக ஹௌரா பாலத்தின் அடியிலுள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குச் செல்கின்றன. நம் இல்லத்துப் பூசைக்கு வாங்கும் பூவில் ஒரு பகுதி இவ்வயல்களில் மலர்ந்ததே.

இதனை அடுத்த தேவுல்ட்டிக்கு அருகே, சாம்தா என்னும் சிற்றூரில், சரத் சந்திர சட்டோபாத்யாயர் தம் வாழ்வின் பிற்பகுதியில் வசித்த வீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் சரத் சந்திரரை அறியாத வாசகர் ஒரு காலத்தில் இல்லை. த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி ஆகிய சகோதரர்களைப் போன்றோர் வங்க மொழியைக் கற்று அந்நாட்டு எழுத்தை நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தனர். சரத் சந்திரரின் வீடு கட்டப்பட்டபோது ரூப்நாராயண் நதி அதன் அருகிலேயே ஓடியது. இன்று அது விலகித் தொலைவில் ஓடுகிறது. ஆறு இடம் மாறும் என்னும் உண்மையை நாம் இங்கே முதன்முதலாகக் காண்கிறோம்.

அந்த ரூப்நாராயணைக் கோலாகாட்டில் கடக்கிறோம். சாலைப் பாலத்துக்கு அருகே ரயில் பாலம் தெரிகிறது. 1900ஆம் ஆண்டில் வங்காள நாகபுரி ரயில்வேயின் பாலம் இங்கே திறக்கப்பட்ட பின்னரே, கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே கடற்கரையை ஒட்டிய நேர் ரயில் வழி நிறைவு பெற்றது. சென்னை மெயிலிலும் கோரமண்டல் விரைவு வண்டியிலும் நாம் எத்தனையோ முறை இந்நதியைத் தாண்டியிருக்கிறோம். கோலாகாட் ஹில்சா மீனுக்குப் பேர்போனது. கடலில் வாழும் இம்மீன் முட்டையிடுவதற்காக மழைக்காலத்தில் ஆற்றை எதிர்த்து மேலேறி வருவது.

கோலாகாட்டுக்கு அப்பால் சென்னைச் சாலையை விட்டு, ஹால்தியா செல்லும் 116ஆம் எண் நெடுஞ்சாலையில் இடப்புறம் திரும்புகிறோம். சிறிது தூரத்தில் தம்லுக் நகரம். கிழக்கு மேதினிபூர் மாவட்டத்தின் தலைநகர் என்பது மட்டும் அறிந்தவர் இதனை நில்லாமல் கடந்துவிடுவர். ஆனால் தம்லுக் என்பது தாம்ரலிப்தி என்னும் பழம்பெயரின் தேய்ந்த வடிவம் என்று அறிந்தவர் வண்டியை நிறுத்துவர்.

தாம்ரலிப்தி, கங்கைச் சமவெளி முழுவதற்கும் கடல் வாயிலாக விளங்கிய துறைமுகம். அசோகர் அனுப்பிய போதிமரக் கிளை இங்கிருந்தே கப்பலேறி இலங்கையின் ஜம்புகோளத் துறையை அடைந்தது என்று மகாவம்சம் கூறுகிறது. அத்துறையை யாழ்ப்பாணத்துச் சம்பில்துறை என்று அறிஞர் கருதுவர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாஹியான் இந்நகரில் இரண்டு ஆண்டுகள் தங்கி ஏடுகளைப் படியெடுத்தார்; பின்னர் வாணிகக் கப்பல் ஒன்றில் ஏறி, பதினான்கு நாள் இரவும் பகலும் கடலில் சென்று இலங்கையை அடைந்ததாகத் தம் குறிப்பில் எழுதினார். இந்தியத் தொல்பொருள் துறை 1954-55இல் தம்லுக்கில் அகழாய்வு நடத்தியது. உட்புற அடியில் வட்ட வரிசையாகப் புள்ளிக்கோலம் பொறித்த மெல்லிய மட்கலம் ஒருவகை, தம்லுக்கிலும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கிறது. வங்கக் கரைக்கும் தமிழ்க் கரைக்கும் இடையே ரயில் பாதை போடுவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடற்பாதை இருந்தது என்பதற்கு அந்த ஓட்டுச் சில்லுகளே சான்று.

இத்தகைய துறைமுகம் எங்கே போயிற்று? பூம்புகாரைப் போல் இதனைக் கடல் கொள்ளவில்லை. மாறாக, கடல் இதனைக் கைவிட்டது. மேட்டு நிலத்திலிருந்து ஆறுகள் வண்டலைச் சுமந்து வருகின்றன. கீழேயிருந்து நாள்தோறும் இருமுறை கடலின் ஏற்றநீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. வரும் நீரும் எதிர்க்கும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்தால் சுமை கீழே படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் அடி உயர்ந்து, கால்வாய் திசை மாறி, பெருங்கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. எட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு தாம்ரலிப்தி துறைமுகமாகப் பேசப்படுவது அருகிவிட்டது. வண்டலே இந்நாட்டுக்குச் சோறு தந்தது. வண்டலே இந்நாட்டின் பழந்துறைமுகத்தைப் புதைத்தது. ஹூக்ளி நதியில் இன்றும் மணல்வாரிக் கப்பல்கள் ஓயாது உழைப்பது, கொல்கத்தாத் துறைமுகமும் ஹால்தியாவும் அதே கதியை அடையாதிருக்கும் பொருட்டே.

தம்லுக்கை விட்டு நீங்குமுன் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்றுண்டு. 1942 செப்டம்பர் 29 அன்று, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, மாதங்கினி ஹாஜ்ரா என்னும் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி, கையில் மூவண்ணக் கொடியுடன் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி வந்து, இந்நகரில் போலீஸ் குண்டுகளுக்கு இரையானார். இரண்டு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 16 அன்று, பெரும் புயல் ஒன்று கடலைத் திரட்டிக்கொண்டு இம்மாவட்டத்தின் மேல் பாய்ந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தாம்ரலிப்த ஜாதீய சர்க்கார் என்னும் பெயரால் மக்களே ஓர் அரசை நிறுவி, 1944 வரை நடத்தினர். வழக்குத் தீர்ப்பதோடு, புயலில் நொந்தவர்க்கு உதவி வழங்குவதும் அவ்வரசின் பணியாக இருந்தது. இப்பகுதியில் அரசியல் வரலாற்றையும் கடலின் வரலாற்றையும் பிரித்து எழுத இயலாது.

நந்தகுமார் சந்திப்பில் தெற்கே திரும்பி, நர்காட்டில் ஹால்தி நதியைக் கடக்கிறோம். அங்குள்ள பாலத்துக்கு அந்த மூதாட்டியின் பெயரையே வைத்திருக்கின்றனர். இதற்கு அப்பால் சாலையோரத்தில் நாற்புறமும் அடைத்துக் கூரை வேய்ந்த தாழ்ந்த பந்தல்கள் தென்படும். புதியவர் இவற்றை மாட்டுக் கொட்டகை என்று எண்ணுவர். இவை வெற்றிலைத் தோட்டங்கள். வங்காளியர் இவற்றைப் பரோஜ் என்பர். நம் நாட்டுக் கொடிக்காலில் அகத்தியை நட்டு, அதன் நிழலிலும் அதன் தண்டிலுமே கொடியை ஏற்றுகிறோம். இங்கே மூங்கிலாலும் சணற்குச்சியாலும் வீடு போலக் கட்டி, வெயிலையும் காற்றையும் அளந்து உள்ளே விடுகின்றனர். வெற்றிலையின் தேவை இரண்டிடத்தும் ஒன்றே: ஈரமும் நிழலும். அதனை நிறைவேற்றும் வழியே வேறு.

காந்தி என்று உள்ளூரார் வழங்கும் கண்டாய் நகரை அடையும்போது, அதுவரை பலகையாய் இருந்த நிலம் திடீரென மேடாகிறது. இம்மேடு மணல் மேடு. இன்றைய கடற்கரை இங்கிருந்து பல கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கடற்கரை மணல் இங்கு எப்படி வந்தது? சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இவ்விடத்தில் அலையடித்தது. அக்காலத்தில் காற்றுக் குவித்த மணற்குன்றின் மேலேதான் இந்நகரம் அமர்ந்திருக்கிறது. பின்னர்க் கடல் பின்வாங்கி, வண்டல் முன்னேறி, புது நிலம் பிறந்தது. வெள்ளம் வரும்போது சுற்றுப்புறத்தார்க்குப் புகலிடம் தருவதும் இப்பழைய மணல் மேடே.

பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் 1860இல் இப்பகுதியில் டெபுடி மாஜிஸ்ட்ரேட்டாகப் பணியாற்றினார். 1866இல் வெளிவந்த அவருடைய கபாலகுண்டலா நாவலின் களம் இங்குள்ள ரசூல்பூர் ஆற்று முகத்துவாரமே. விறகு தேடக் கரையிறங்கிய நவகுமாரனை விட்டுவிட்டு, ஏற்றநீர் படகை அடித்துக்கொண்டு போவதிலிருந்துதான் அக்கதை விரிகிறது. கடலின் ஏற்ற இறக்கம் இந்நாட்டு மக்களின் கற்பனையிலும் புகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கண்டாயிலிருந்து தீகா செல்லும் வழியில் பிச்சாபனி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1930 ஏப்ரலில் மேதினிபூர் மக்கள் உப்புச் சட்டத்தை மீறிய இடம் இது. அதே ஏப்ரலில்தான் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரணியத்தை அடைந்து உப்பெடுத்தார். இரண்டிடத்திலும் எடுத்தது உப்பே. ஆனால் எடுக்கும் முறையில் வேற்றுமை உண்டு. நம் கடற்கரையில் வெயில் கடுமையானது. பாத்தி கட்டி நீரைப் பாய்ச்சினால் உப்பு விளைந்துவிடும். இங்கோ ஹூக்ளி முதலிய ஆறுகளின் நன்னீர் கலந்து கடலின் உவர்ப்பு குறைந்திருக்கிறது. காற்றில் ஈரமும் மிகுதி. ஆதலின் உவர்மண்ணைக் கரைத்து வடிகட்டி, விறகிட்டுக் காய்ச்சியே உப்பெடுத்தனர். மலங்கிகள் எனப்பட்ட உப்புத் தொழிலாளர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமைக்குக் கட்டுப்பட்டு இத்தொழிலைச் செய்தனர். பிறகு இங்கிலாந்திலிருந்து லிவர்பூல் உப்பு வந்து குவியவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் நலிந்தது. உப்புக் கடலின் ஓரத்தில் வாழ்ந்தவர் கப்பலில் வந்த உப்பை விலைகொடுத்து வாங்கினர். பிச்சாபனியில் மக்கள் ஏன் அத்துணை உறுதியோடு நின்றனர் என்பதற்கு இதனைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், இடையே நின்று நின்று சென்றாலும் பதினொரு மணிக்குள் தீகாவை அடையலாம். இந்த ஊரின் பழம்பெயர் பீர்குல். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் கோடையில் இளைப்பாற இங்கே வந்தனர்; இதனைக் கிழக்கின் பிரைட்டன் என்று அவர் புகழ்ந்ததாகச் சொல்லுவர். ஆனால் அந்தப் பீர்குலை இன்று காண முடியாது. அவர்கள் தங்கிய இடங்களைக் கடல் கொண்டுவிட்டது. பின்னர் 1923இல் ஜான் பிராங்க் ஸ்னெய்த் என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்து, இடத்தின் அழகில் ஈடுபட்டுக் குடியேறினார். விடுதலைக்குப் பின் முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயிடம் இதனை உல்லாச நகராக வளர்க்கும்படி வேண்டியவரும் அவரே. அவ்வாறு தொடங்கிய வளர்ச்சி இன்றுவரை நிற்கவில்லை. 2004இல் ரயில் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று புரி ஆலயத்தை ஒத்த ஜகந்நாதர் கோயில் ஒன்றும் திறக்கப்பட்டது.

தீகாவின் கரை மிகத் தாழ்ந்த சரிவுடையது. நீர் இறங்கும் வேளையில் அகன்ற, இறுகிய மணற்பரப்புத் தோன்றும். நீர் ஏறும் வேளையில், பழைய தீகாவில், மணல் முழுவதும் மறைந்து அலை கற்சுவரிலே மோதும். காலையில் ஒருவர் கண்ட கடற்கரையை மாலையில் மற்றொருவர் காணாதது இதனாலேதான்.

இக்கரை ஏன் தேய்கிறது என்பதை நமக்குத் தெரிந்த சென்னைக் கடற்கரையைக் கொண்டு விளக்கலாம். இந்தியாவின் கிழக்குக் கரையில், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரமாய் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபோது அந்த மணல் ஓட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரீனா விரிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரவின்றிக் கரை அரிபட்டது. கடற்கரை என்பது வங்கிக் கணக்கைப் போன்றது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் முதல் கரையும். தீகாவில் தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் எடுத்துச் செல்லும் மணல் முழுவதும் திரும்பி வருவதில்லை.

இத்தகைய கரைக்கு இயற்கை வைத்திருக்கும் சேமிப்பே மணற்குன்று. புயற்காலத்தில் கடல் குன்றிலிருந்து மணலை எடுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அமைதிக் காலத்தில் அலையும் காற்றும் அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். அம்மணலைப் பிடித்து நிறுத்துபவை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் போன்ற எளிய செடிகள். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்க்கு அடம்பு நன்கு அறிமுகமான கொடி. தீகாவின் பக்கத்து மணலிலும் அது படர்கிறது. ஜாவு என்று இங்கே வழங்கும் சவுக்குத் தோப்புகளும் காற்றின் வேகத்தைத் தடுக்கின்றன. குன்றைச் சமன் செய்து விடுதி கட்டினால், சேமிப்பை அழித்து மாளிகை எழுப்பியதாகிறது. பிறகு கடலைத் தடுக்கச் சுவர் வேண்டியிருக்கிறது. சுவரில் மோதிய அலை திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகிறது. சுவருக்குப் பின்னால் உள்ள கட்டடம் பிழைக்கலாம். சுவருக்கு முன்னால் உள்ள கடற்கரை பிழைப்பதில்லை. எதனைக் காண மக்கள் வந்தனரோ, அதனையே இழக்கிறோம்.

2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒரிசாவின் கரையைக் கடந்தது. அன்று பௌர்ணமி. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஏற்றநீர் இயல்பாகவே உயர்ந்து எழும். புயலின் எழுச்சியும் அதனோடு கூடவே, கடல் தீகாவின் சுவரைத் தாண்டிக் கடைவீதிக்குள் புகுந்தது. மந்தார்மணி, சங்கர்பூர் முதலிய கரையூர்களும் நீரில் ஆழ்ந்தன. பயணிகள் சில மணி நேரத்தில் ஊர் திரும்பிவிடுவர். சிலநாள் கழித்து விடுதிகளும் திறந்துவிடும். வயலில் உவர்நீர் நின்ற உழவரும், படகும் வலையும் இழந்த மீனவரும் மீள்வதற்குப் பருவங்கள் பல ஆகின்றன. 1964 டிசம்பரில் ஓரிரவில் தனுஷ்கோடியை இழந்த நாம் இத்துயரை அயலார் துயரென்று கருத இயலாது.

இங்கே செல்லும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம். புறப்படுமுன் ஏற்றநீர் நேரத்தை அறிந்துகொள்க. அது நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போவது. நீர் ஏறும்போது கற்சுவரின் அருகே இறங்குதல் உயிருக்கு ஆபத்து. கரையில் காவல் நிற்கும் நூலியாக்களின் சொல்லைத் தட்டலாகாது. மந்தார்மணி, தாஜ்பூர்க் கரைகளில் மணலின் மேல் வண்டி ஓட்டுதல் வேண்டா. அங்கே செந்நிற நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. அடம்பங்கொடியை மிதித்துப் பாதை போடுவதும் தவிர்க்கத்தக்கதே. மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணி அளவில் நகரை அடையலாம்.

பிழைப்புக்காக வந்த நாட்டை அதன் தலைநகரைக் கொண்டு மட்டும் அறிவது, ஒருவர் வீட்டுக்குச் சென்று திண்ணையிலேயே அமர்ந்து திரும்புவதை ஒக்கும். ஆறு தூர்த்த தம்லுக்கையும், கடல் கொண்ட பீர்குலையும், கடல் விட்டுச்சென்ற கண்டாய் மணல் மேட்டையும் ஒரே நாளில் கண்டவர்க்கு, இந்நாட்டார் தம் மண்ணின் மேல் வைத்திருக்கும் பற்றின் ஆழம் புலப்படும். நிலையாத நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுது, கரைகட்டி, மீண்டும் மீண்டும் வீடு கட்டி வாழ்பவர் இவர்கள். எஞ்சியிருக்கும் மணற்குன்றுகளையேனும் காத்து வைத்தால், நம் பிள்ளைகளும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தீகாவின் கரையில் நிற்கலாம்.